ஆறு பேர், ஏழு ஊசி

“போன வருஷமும் ஊசி போட்டோம். அப்படியும் ஆகஸ்ட்ல வீட்ல மூணு பேருக்குக் காய்ச்சல். அப்புறம் எதுக்கு டாக்டர், இந்த வருஷமும்?”

மழைக்காலத்து மைசூரில் இந்தக் கேள்வி காதில் விழாத குழந்தை மருத்துவர் இருக்க முடியாது. கேட்பவர்கள் தடுப்பூசிக்கு எதிரிகள் இல்லை. பிள்ளைக்கு பி.சி.ஜி., போலியோ, தட்டம்மை எல்லாவற்றையும் அட்டையில் தேதி தவறாமல் போட்டவர்கள்தான். அவை தேசிய அட்டவணையில் இருப்பவை. அரசு வாங்குகிறது, அரசு போடுகிறது. பெற்றோர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். ஃப்ளூ ஊசி அந்த அட்டவணையில் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் முதியோர், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயாளிகள், மருத்துவப் பணியாளர்களும் உண்டு. ஆனால் காசு நம் பையிலிருந்துதான் போக வேண்டும். தனியார் மருத்துவமனையில் ஓர் ஊசி ஏறத்தாழ 1500 முதல் 2000 ரூபாய். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே செலவு.

குழந்தைப் பருவத்தில் போட்டுவிட்டு மறந்துவிடும் ஊசிகளையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியாபாரம் போலத் தோன்றினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊசி வேலை செய்கிறதா, அது நம் வீட்டில் யாருக்கு வேலை செய்கிறது என்று இரண்டு கேள்விகள் இங்கே சிக்கிக் கிடக்கின்றன. முதலில் அந்த ஆகஸ்ட் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம்.

காய்ச்சலெல்லாம் ஃப்ளூ இல்லை

இருமல், தொண்டைவலி, உடம்பு முறிக்கும் வலி, 101 டிகிரி காய்ச்சல். இது இன்ஃப்ளுயன்சா வைரஸால் வந்திருக்கலாம். ஆர்.எஸ்.வி., அடினோவைரஸ், ரைனோவைரஸ், கோவிட் என வேறு பலவற்றாலும் வந்திருக்கலாம். படுத்திருப்பவரைப் பார்த்து எந்த வைரஸ் என்று சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது. மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். காரணம் எதுவானாலும் ஃப்ளூ மாதிரியே இருக்கும் இந்தக் காய்ச்சல் கூட்டத்தை ‘ஃப்ளூச்சாயல் காய்ச்சல்’ என்று அழைப்போம். ஃப்ளூ ஊசி இந்தக் கூட்டத்தில் ஒருவனை மட்டும்தான் தடுக்கும்.

அந்த ஒருவனின் பங்கு எவ்வளவு? மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2018-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. ஆரோக்கியமான பெரியவர்கள் ஆயிரம் பேர் ஊசி போடாமல் இருந்தால், ஒரு ஃப்ளூ பருவத்தில் அவர்களில் சுமார் 215 பேருக்கு ஃப்ளூச்சாயல் காய்ச்சல் வருகிறது. சோதித்து உறுதியான ஃப்ளூ வருவது 23 பேருக்கு. ஆயிரம் பேரும் ஊசி போட்டுக்கொண்டால் உறுதியான ஃப்ளூ 9 பேராகக் குறைகிறது. ஃப்ளூச்சாயல் காய்ச்சலோ 181 பேருக்கு வந்தே தீருகிறது.

இந்த 181 பேரும் “ஊசி போட்டும் வந்துச்சே” என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் அலுவலகத்திலும் சொல்வார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது வேறு வைரஸ். ஊசியால் ஃப்ளூ வராமல் தப்பிய 14 பேரும் எதுவும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் தாங்கள் தப்பியதே அவர்களுக்குத் தெரியாது. இந்த ஊசியின் பெயர் கெட்டுப்போனதில் பாதி இப்படி நடந்ததுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 23 என்பது 9 ஆனதை “60 சதவீதப் பாதுகாப்பு” என்று விளம்பரம் சொல்லலாம். “ஆயிரத்தில் 14 பேருக்குத்தான் பயன்” என்று மறுப்பவர் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்கு. நான் எப்போதும் இரண்டாவது வடிவத்தில் எழுதிப் பார்ப்பேன். நம் வீட்டில் இருப்பவை சதவீதங்கள் அல்ல, ஆட்கள்.

சறுக்கல்

சரி, ஆண்டுதோறும் எதற்கு?

இன்ஃப்ளுயன்சா வைரஸின் மேற்பரப்பில் புரதங்கள் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு வகை முள் நம் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. இன்னொரு வகை, உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் செல்லிலிருந்து கழன்று வெளியேற உதவுகிறது. எச்1என்1, எச்3என்2 என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த ‘எச்’ முதல் முள், ‘என்’ இரண்டாவது முள். ஊசி போட்டதும் நம் உடல் இந்த முட்களை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அதற்கு இரண்டு வாரம் ஆகும்.

வைரஸ் தன் மரபுச் செய்தியைப் படியெடுத்துப் பெருகும்போது எழுத்துப்பிழை விடுகிறது. பிழையைத் திருத்தும் ஏற்பாடும் அதனிடம் இல்லை. பிழைகள் சேரச் சேர முள்ளின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. இதைச் ‘சறுக்கல்’ என்போம். பதினைந்து ஆண்டுக்கு முன் எடுத்த ஆதார் படத்தை வைத்துக்கொண்டு வாசலில் ஆளைச் சோதிக்கும் காவலாளியின் நிலைதான் அப்போது நம் எதிர்ப்பொருளுக்கு. சில சமயம் கண்டுபிடித்துவிடுவார். சில சமயம் “இது வேறு ஆள்” என்று உள்ளே விட்டுவிடுவார்.

எனவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடிப் படத்தைப் புதுப்பிக்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கான ஊசியில் எந்த வைரஸ்கள் இடம்பெற வேண்டும் என்றும், செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு எவை என்றும் முடிவாகிறது. அந்த முடிவுக்கும் ஊசி கடைக்கு வருவதற்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். இடையில் வைரஸ் சறுக்கினால் ஊசி பின்தங்கும். 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் எச்3என்2 அப்படிச் சறுக்கியபோது ஊசியின் பலன் 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. நல்ல பொருத்தமான ஆண்டுகளில் 40 முதல் 60 சதவீதம் கிடைக்கிறது.

இந்தியாவிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில், ஆறு மாதம் முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கு மூன்று ஆண்டுகள் நடந்த சோதனை அது. ஒரு பகுதி வீட்டுக் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி. மற்ற வீட்டுக் குழந்தைகளுக்குப் போலியோ ஊசி. ஒருவரும் வெறுங்கையோடு போகாதபடி அப்படி ஓர் ஏற்பாடு. ஃப்ளூ ஊசியின் பலன் முதலாண்டு சுமார் 25 சதவீதம், இரண்டாமாண்டு 40-ஐ ஒட்டி, மூன்றாமாண்டு 70-ஐத் தாண்டியது. ஒரே ஊரில், ஒரே வயதில் இவ்வளவு ஏற்ற இறக்கம். முதலாண்டு என்பது 2009-ஆம் ஆண்டின் புதிய எச்1என்1 பரவிய காலம். அப்போது போட்ட ஊசியில் அந்த வைரஸ் இல்லை.

அரண்மனைப் பெண்களின் கணக்கு

மைசூரில் ஒரு குடும்பம் தடுப்பூசியைப் பற்றி முடிவெடுத்த கதை ஒன்று ஓவியமாகவே இருக்கிறது. 1805-இல் தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ் ஓவியர் மூன்று பெண்களை வரைந்தார். நெடுங்காலம் அவர்களை நடன மாதர் என்றே நினைத்திருந்தார்கள். அவர்கள் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் என்று நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாய்வாளர் அடையாளம் காட்டினார். நடுவில் நிற்பவர் லட்சுமி அம்மணி. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1799-இல் சிறுவனாக அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பாட்டி முறை. இரு பக்கமும் மன்னரின் இரண்டு இளம் மனைவியர். இருவர் பெயரும் தேவஜம்மணி.

வலப்பக்க இளைய ராணி சேலையை விலக்கி மேற்கையைக் காட்டுகிறார். தடுப்பூசி போட்ட இடத்தைத்தான் காட்டுகிறார் என்பது சான்சலரின் வாசிப்பு. இடப்பக்க மூத்த ராணியின் மூக்கையும் வாயையும் சுற்றித் தோல் நிறம் மாறியிருக்கிறது. அது அதற்கு முந்தைய முறையின் தடம் என்கிறார் அவர். பெரியம்மை கண்டவரின் கொப்புளப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதுவார்கள், அல்லது தோலைக் கீறித் தடவுவார்கள். வருவது உண்மையான பெரியம்மைதான், ஆனால் பெரும்பாலும் லேசாக. நூற்றில் ஒருவர் இருவர் அதிலேயே இறப்பதும் உண்டு. தானாக வரும் பெரியம்மையோ நூற்றில் முப்பது பேரைக் கொண்டுபோனது.

எட்வர்டு ஜென்னர் 1796-இல் மாட்டம்மையை வைத்துக் காட்டிய தடுப்பு முறை 1802 ஜூனில் பம்பாய் வந்து சேர்ந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம்; ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தையின் கைக்கு என்று பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைமாறிக் கைமாறி வந்தது. யார் உடம்பிலிருந்து எடுத்தது என்று கேட்டு நம் ஊர்க்காரர்கள் தயங்கியதும் இயல்பே. ராணியே கையைக் காட்டினால் தயக்கம் குறையும் என்று அரண்மனையும் கிழக்கிந்தியக் கம்பெனியும் எண்ணியிருக்கலாம்.

இந்தக் கதையை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. லட்சுமி அம்மணியின் கணக்கு எளியது. வந்தால் நூற்றில் முப்பது சாவு. பழைய முறையில் ஒன்றிரண்டு. புதிய முறையில் அதைவிட மிகக் குறைவு. பெரியம்மை வைரஸ் ஃப்ளூ அளவுக்குச் சறுக்குவதும் இல்லை. இப்படிப்பட்ட கணக்கில் எந்த அரசும் எல்லாருக்கும் போடச் சொல்லிவிடலாம். அப்படியே சொன்னார்கள், 1980-இல் அந்த நோயே உலகிலிருந்து போய்விட்டது. ஃப்ளூவில் ஆளுக்கு ஆள், ஆண்டுக்கு ஆண்டு விடை மாறுகிறது. ஒரே வீட்டுக்குள்ளேயே மாறுகிறது. அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

குவெம்புநகரில் ஒரு வீடு

கற்பனை வீடுதான், ஆனால் இப்படி நூறு வீடுகள் அங்கே இருக்கும். சேலத்திலிருந்து வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். தாத்தாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு, போன ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார். பாட்டிக்கு 66. அப்பா 40, அம்மா 36, இருவருக்கும் எந்த நோயும் இல்லை. மகள் எட்டாம் வகுப்பு. மகனுக்கு நான்கு வயது. இந்த ஜூனில் எல்.கே.ஜி.

ஊசி விலையை 1800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர், ஆனால் ஏழு ஊசி. ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தை முதன்முதலாகப் போடும் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். ஃப்ளூவை அதிகம் சந்தித்திராத உடலுக்கு ஒன்று போதாது. மொத்தம் 12,600 ரூபாய். “எல்லாருக்கும் போடணுமா?” என்று அப்பா கேட்பது கஞ்சத்தனம் இல்லை.

அப்பாவிலிருந்தே தொடங்குவோம். மேலே பார்த்த கணக்கு அவருடையதுதான்: ஆயிரம் பேரில் 23 என்பது 9. ஒருவரை ஃப்ளூவிலிருந்து காக்க 71 பேருக்கு ஊசி போட வேண்டும். ரூபாயில் சொன்னால் ஒரு ஃப்ளூவைத் தடுக்க 1,27,800. தடுப்பது எதை? பெரும்பாலும் ஐந்து நாள் படுக்கை, ஒரு வாரச் சோர்வு, நான்கைந்து நாள் சம்பள இழப்பு. தனக்காக மட்டும் என்றால் அவர் வேண்டாம் என்று முடிவெடுப்பதைத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. அம்மாவுக்கும் அதே கணக்கு, அவர் மருத்துவமனையில் வேலை செய்பவராகவோ கர்ப்பிணியாகவோ இல்லாதவரை.

மகனின் எண்கள் வேறு உலகம். காக்ரேனின் குழந்தைகள் தொகுப்பில், ஊசி போடாத ஆயிரம் குழந்தைகளில் 300 பேருக்கு ஃப்ளூ வந்தது, போட்டவர்களில் 110. ஐந்து குழந்தைகளுக்குப் போட்டால் ஒருவர் தப்புகிறார். எல்லா ஆண்டும் ஃப்ளூ இவ்வளவு பரவாது, ஆகவே இதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தாலும் வீட்டில் ஊசிக்கு மிக அதிக வேலை கிடைப்பது இவன் கையில்தான். முதன்முதலாகப் பள்ளிக்குப் போகிறவன். கைக்குட்டைக்கும் அவனுக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை. வீசிங் தொல்லை உள்ள குழந்தையாக இருந்து, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நெபுலைசர் வைக்கும் வீடாக இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. மகள் இவர்கள் இருவருக்கும் இடையில் வருகிறாள். ஃப்ளூ பிடிப்பது தம்பியைப் போல, தாங்குவது அப்பாவைப் போல.

தாத்தாவிடம் வரும்போது கணக்கின் தன்மையே மாறிவிடுகிறது. 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரில் ஃப்ளூ வருவது 60 என்பதிலிருந்து 24 ஆகக் குறைகிறது. ஒருவரைக் காக்க ஏறத்தாழ 30 ஊசி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேரனைவிட ஆறு மடங்கு மோசமான பேரம். ஆனால் பேரனின் ஃப்ளூவும் தாத்தாவின் ஃப்ளூவும் ஒரே எடை இல்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது மைசூருக்கு அடுத்த ஹாசன் மாவட்டத்தில் ஒரு முதியவர் இறந்தார்; அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தன. ஃப்ளூ பெரும்பாலும் தானாகக் கொல்வதில்லை. ஏற்கெனவே பழுதான இடத்தைத் தேடிப் போய் இடிக்கிறது.

இதயத்தில் அது நன்றாகவே தெரிகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஃப்ளூ உறுதியானவர்களைத் தொடர்ந்த ஆய்வு 2018-இல் வந்தது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்காக இருந்தது. காய்ச்சலின் அழற்சி, வேகமான துடிப்பு, ரத்தம் உறையும் போக்கு எல்லாம் அந்த ஒரு வாரத்தில் கூடிவருகின்றன. அப்படியானால் ஃப்ளூவைத் தடுத்தால் சாவு குறையுமா? 2021-இல் வெளியான பன்னாட்டுச் சோதனை ஒன்றில், மாரடைப்புடன் மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 2500 பேரில் பாதிப்பேருக்கு ஃப்ளூ ஊசியும் மீதிப்பேருக்கு வெற்று ஊசியும் போட்டார்கள். வங்கதேசமும் அதில் பங்கேற்றது. ஓராண்டில் வெற்று ஊசிக்காரர்களில் ஆயிரத்துக்கு 49 பேர் இறந்தார்கள். ஃப்ளூ ஊசிக்காரர்களில் 29. ஐம்பது ஊசிக்கு ஓர் உயிர். இதய நோய்க்கு நாம் மறுபேச்சில்லாமல் விழுங்கும் சில மாத்திரைகளுக்கே இந்தக் கணக்கு வராது. நம் தாத்தாவுக்கு மாரடைப்பு வந்து ஓராண்டு ஆகிவிட்டதால் அதே எண் அப்படியே பொருந்தாது, திசை பொருந்தும்.

பாட்டி? நோயில்லாத 66 வயது. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுவாக முதியவர்களுக்கு ஊசி ஃப்ளூவைக் குறைக்கிறது என்பதற்குச் சோதனைகள் உண்டு. நிமோனியாவையும் சாவையும் எவ்வளவு குறைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு முடியவில்லை. வயதான உடல் எதிர்ப்பொருளைக் குறைவாகவே உருவாக்குகிறது என்பதும் உண்மை. ஆனாலும் 1800 ரூபாய்க்கு எதிராக ஒரு நாள் ஐ.சி.யூ. செலவை எழுதிப் பாருங்கள். நான் பாட்டிக்கும் போடுவேன்.

ஆக, கையில் காசு குறைவாக இருந்தால் வரிசை தெளிவு: முதலில் தாத்தா, உடனே பேரன், பிறகு பாட்டி. நான்கு ஊசி, 7200 ரூபாய். அடுத்த ஆண்டு பேரனுக்கு ஒன்று போதும் என்பதால் 5400.

பேரன் கையில் போட்டால் தாத்தாவுக்குப் பயனா?

வீட்டுக்குள் ஃப்ளூவை அழைத்து வருபவன் பெரும்பாலும் சின்னவன். அவனை நிறுத்தினால் பெரியவர்கள் தப்புவார்களா? கனடாவில் ஹட்டரைட் என்ற கிறித்தவச் சமூகத்தினர் தனித்தனிப் பண்ணைக் குடியிருப்புகளில் வெளியுலகத் தொடர்பு குறைவாக வாழ்கிறார்கள். சில குடியிருப்புகளில் மூன்று முதல் பதினைந்து வயதுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் ஃப்ளூ ஊசி போட்டார்கள். ஊசி போடாத மற்றவர்களிடையே ஃப்ளூ 61 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் முடிவு வந்தது. ஊசி போடாதவருக்கும் கிடைக்கும் இந்தப் பயனை ‘மறைமுகக் காப்பு’ என்று சொல்லலாம்.

குவெம்புநகர் தனிப்பண்ணை இல்லை. தாத்தா காலையில் நடைக்குப் போகிறார், கோயிலுக்குப் போகிறார், கல்யாணத்துக்குப் போகிறார். பேரன் ஒருவனுக்குப் போடுவதால் வகுப்பின் மீதி முப்பது பேர் மாறப் போவதும் இல்லை. மறைமுகக் காப்பு ஊரே சேர்ந்து போடும்போது பெரிதாகும். ஒரு வீடு மட்டும் போட்டால் சிறிதாகும், சுழி ஆகாது. தனக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்று முன்பு சொன்ன அப்பா, ஊசியை மறுபடி யோசிக்க வேண்டிய இடம் இது. ஸ்டென்ட் வைத்த தந்தையோடு ஒரே மேசையில் சாப்பிடுபவர் அவர்.

மழைக்கு முன்பா, தசராவுக்கு முன்பா?

குளிர் நாடுகளில் ஃப்ளூ குளிர்காலத்து நோய். நம் நாட்டில் அது மழையோடு வருகிறது. 2009 முதல் 2013 வரை இந்திய நகரங்களில் எடுத்த கண்காணிப்புக் கணக்கில் புனே, ஆலப்புழை, கொல்கத்தா போன்ற இடங்களில் ஜூன்–அக்டோபரில் உச்சம். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர்–நவம்பரில். ஸ்ரீநகரில் மட்டும் ஐரோப்பாவைப் போல ஜனவரி–மார்ச். வடகிழக்குப் பருவமழைக்காரர்களுக்கும் தென்மேற்குப் பருவமழைக்காரர்களுக்கும் ஊசி மாதம் வேறு என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். சென்னையில் இருக்கும் அண்ணன் செப்டம்பரில் போட்டுக்கொள்வது அவருக்குச் சரி. அதைப் பார்த்து மைசூர்த் தம்பியும் செப்டம்பர் வரை காத்திருந்தால் பாதி மழைக்காலம் போயிருக்கும்.

மைசூருக்கு ஏப்ரல், மே மாதங்களே பொருத்தம். ஊசியின் காப்பு சில மாதங்களில் தேய்கிறது. மே மாதத்தில் போட்டால் பள்ளி திறப்பிலிருந்து தசராக் கூட்டம் வரை அது நல்ல நிலையில் இருக்கும். இரண்டு ஊசி தேவைப்படும் நம் நான்கு வயதுக்காரன் ஏப்ரல் இறுதியில் தொடங்கினால் மே கடைசியில் இரண்டாவதும் முடிந்து, பள்ளிக்குப் போய்ச் சில நாளில் எதிர்ப்பொருளும் தயாராகிவிடும். மே மாதத்தைத் தவறவிட்டவர் ஆகஸ்டில் போட்டாலும் வீண் இல்லை. ஃப்ளூ ஒரே மாதத்தில் வந்து போவது இல்லை, ஹாசன் சாவு மார்ச்சில் நடந்தது.

அட்டைப் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். எந்த அரைக்கோளம், எந்த ஆண்டு என்று அச்சிட்டிருக்கும். செப்டம்பரில் முடிவாகும் தென் அரைக்கோள ஊசி அடுத்த ஏப்ரல், மே வாக்கில் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான். போன ஆண்டுப் பெட்டி மிச்சமிருந்து, காலாவதித் தேதி தாண்டாவிட்டாலும், பழைய படத்தைத்தான் வாங்குகிறோம். “நான்கு வகை வைரஸுக்கானதா, மூன்று வகைக்கா?” என்று கேட்டு அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியமும் இப்போது குறைந்துவிட்டது. நான்காவதான பி-யமகாட்டா வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் உறுதியாக எங்கும் தென்படவில்லை. கோவிட் ஊரடங்கில் அது பரவ வழியின்றிப் போயிருக்கலாம். அதை ஊசியிலிருந்து எடுத்துவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

ஊசியே ஃப்ளூவைக் கொடுக்குமா?

கையில் குத்தும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் ஃப்ளூ வர வழி இல்லை. கைவலி, ஒரு நாள் சோர்வு, குழந்தைகளுக்கு லேசான காய்ச்சல் வரும், போகும். முட்டை ஒவ்வாமைக்காரர்கள் போடக் கூடாது என்று முன்பு சொன்னார்கள். இப்போது பெரும்பாலான வழிகாட்டுதல்கள் அந்தத் தடையை எடுத்துவிட்டன. முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடும் ஒவ்வாமை வந்தவர் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அரிதான ஆபத்து ஒன்று உண்டு: கில்லன்-பாரே என்ற நரம்பு நோய். 1976-இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு என்று அவசரமாகப் போட்ட ஊசியில் லட்சத்துக்கு ஒருவர் அளவில் அது கூடுதலாகத் தென்பட்டது; ஊசித் திட்டமே நின்றது. இன்றைய ஊசிகளில் அது பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு. ஃப்ளூ வந்தாலும் அதே நோய் வரக்கூடும் என்பதால் தராசின் மறுதட்டிலும் எடை இருக்கிறது.

ஆறு மாதம் ஆகாத குழந்தை

குவெம்புநகர் வீட்டுக்கு ஆகஸ்டில் அத்தை பிரசவத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வீட்டில் ஃப்ளூவை மிக மோசமாகத் தாங்கக்கூடிய ஒருவர் சேரப்போகிறார். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த ஃப்ளூ ஊசியும் கிடையாது. பிறக்கும் முன்பே ஒன்று செய்யலாம். கர்ப்பிணிக்குப் போடும் ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. வங்கதேசத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஃப்ளூ ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. அதே ஊசி தாயையும் காத்தது. கர்ப்ப காலத்தில் நுரையீரலும் இதயமும் ஏற்கெனவே கூடுதல் வேலை செய்வதால் அவருக்கும் ஃப்ளூ கடுமையாகலாம். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம்.

அத்தை ஊசி போட்டுக்கொண்டு வந்தால் அந்த ஆண்டு மைசூர் வீட்டுக் கணக்கில் ஓர் ஊசி கூடும், அப்பாவின் ஊசிக்கும் புதிதாக ஒரு காரணம் கிடைக்கும். அத்தை ஜூலை முதல் வாரத்துக்குள் போட்டால் குழந்தை வரும்போது எதிர்ப்பொருள் தயாராக இருக்கும்.